பிள்ளை பெற்ற வீட்டுக்கு உதவி, யாரும் விடுபடாமல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர்ப் பக்கம், பிரசவம் ஆன வீடுகளுக்குப் போய் ஒத்தாசை செய்கிற சின்னக் குழு ஒன்றில் ஏழு வருடமாக இருக்கிறேன். எங்களில் டாக்டரோ நர்ஸோ கிடையாது. சமைத்துக் கொடுப்போம், குழந்தையைக் குளிப்பாட்டக் கூட நிற்போம், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவோம், விண்ணப்பப் பாரம் நிரப்பித் தருவோம். புதிதாகச் சேருகிறவர்களும் உதவி கேட்டு வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிள்ளை பெற்றவள் என்றால் எல்லோருக்கும் ஒரே பச்சை உடம்புதானே? இதில் யார் விடுபடுகிறார்கள்?

உடம்பு ஒன்றுதான். வீடு ஒன்றில்லை. நம் ஊரில் பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு முழுவதும் ஒரே ஒரு தூணில் நிற்கிறது: தாய் வீடு. வளைகாப்பு முடிந்து அழைத்துப் போவார்கள், அம்மா பத்தியம் சமைப்பாள், பாட்டி குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவாள், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ சீரோடு கொண்டுவந்து விடுவார்கள். ஆஸ்பத்திரியும் அதை நம்பித்தான் மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்புகிறது. "வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லும்போது, பார்த்துக்கொள்ள ஒரு வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த வீடு இல்லாதவர்கள் எத்தனை பேர் தெரியுமா? அம்மா இறந்துபோனவள். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவள். ஒடிசாவிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவள். கல்யாணம் ஆகாமல் பெற்றவள். குழந்தையைத் தத்தெடுத்தவள். குழந்தை இல்லாமல் வெறுங்கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள். அதனால் எங்கள் குழுவில் முதல் கேள்வி சுகப்பிரசவமா சிசேரியனா என்பது இல்லை. "ராத்திரி கூட யார் இருக்கிறார்கள்?" என்றுதான் கேட்போம்.

எல்லோருக்கும் ஒரே உதவியைச் செய்துவிட்டால் பாகுபாடு வராதே?

முதல் வருடம் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எல்லா வீட்டுக்கும் ஒரே பை: பூண்டு, சத்துமாவு, நாப்கின், குழந்தைத் துணி. ஒரு வீட்டில் அதே மாதிரி நான்கு பை ஏற்கெனவே மூலையில் இருந்தது. இன்னொரு வீட்டில் சிலிண்டர் தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. பூண்டை வைத்து அவள் என்ன செய்வாள்? அன்றோடு பையை நிறுத்தினோம். இப்போது ஒரு வீட்டுக்கு ஒரு தடவை போவோம், இன்னொரு வீட்டுக்குப் பதினைந்து தடவை போவோம். கணக்கில் சமமாக இருக்காது. அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை.

நாங்கள் காதல் திருமணம். இரண்டு வீட்டிலும் வரமாட்டார்கள். என்ன ஏற்பாடு செய்துகொள்வது?

ஏழாம் மாதத்திலேயே உட்கார்ந்து பேர் எழுதுங்கள். உறவாக இருக்க வேண்டியதில்லை. மாடி வீட்டு அக்கா, கூட வேலை செய்கிறவர், கணவரின் நண்பர் மனைவி, யாராக இருந்தாலும் சரி. ஒருவர் ஆஸ்பத்திரியில் கூட இருக்க, ஒருவர் முதல் பத்து நாள் மதியச் சாப்பாட்டுக்கு, ஒருவர் ராத்திரி போன் செய்தால் எடுக்க. மூன்று பேர் கிடைத்தாலே பெரிய விஷயம். பிரசவ அறைக்குள் ஒரு துணை இருக்கலாம் என்பது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004 முதல் உள்ள நடைமுறை. துணையாக அம்மாதான் வர வேண்டும் என்றில்லை, நம்பிக்கையான ஒரு பெண் போதும். டிஸ்சார்ஜ் ஆகும்போது 102 தாய் சேய் நல ஊர்தி வீடு வரை இலவசமாகக் கொண்டுவந்து விடும்.

அப்புறம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "குழந்தை முகத்தைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாரும் அவளிடம் சொல்லாதீர்கள். சில வீடுகளில் சரியாகும். சில வீடுகளில் பேரனைப் பார்க்க வருகிறோம் என்று சொல்லி வருகிறவர்கள் வேறு எண்ணத்தோடு வருவார்கள். சாதிக்காகப் பெற்ற பெண்ணையே கொன்ற ஊரில்தான் இருக்கிறோம். அவளைக் கேட்காமல் யாருக்கும் முகவரியோ வார்டு எண்ணோ கொடுக்கக் கூடாது. எங்கள் குழுவில் இது கண்டிப்பான விதி. மிரட்டல் இருந்தால் 181 மகளிர் உதவி எண்ணில் சொல்லிவையுங்கள்.

ஒரு பெண்ணின் அம்மா, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு பின்கட்டில் நின்று போன் செய்வாள். "பெருங்காயத்தை நல்லெண்ணெயில் பொரிச்சு முதல் உருண்டைச் சோத்துல போட்டுச் சாப்பிடு" என்று கிசுகிசுப்பாகச் சொல்வாள். நான் சமையலறையில் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே பொரிப்பேன். நாற்பது நாள் அப்படித்தான் பத்தியம் நடந்தது.

வடமாநிலத் தொழிலாளர் குடும்பம். மொழியே தெரியாது. எப்படி உதவுவது?

லைன் வீட்டில் ஓர் அறை. சுவரில் ஆணி, ஆணியில் கணவனின் சட்டை, கட்டிலுக்குக் கீழே ஸ்டவ். நான் முதன்முதலில் அப்படி ஒரு வீட்டுக்குப் போனபோது பிள்ளை பெற்று ஐந்தாம் நாள், அந்தப் பெண் குத்தவைத்து உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கணவனுக்கு லீவு கிடையாது, பீஸ் ரேட், செய்த உருப்படிக்குத்தான் கூலி. நான் கொண்டுபோன பூண்டுக் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மரியாதைக்காக மூடி வைத்தாள். அடுத்த முறை அவள் ஊர்க்காரி ஒருத்தியைக் கூட்டிப் போய்க் கேட்டேன், உங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு என்ன கொடுப்பார்கள் என்று. சுக்கு, ஓமம், வெல்லம், நெய். எல்லாம் நம் மளிகைக் கடையில் இருக்கிற சாமான்தான். சுக்கைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. அதனால் நம் பத்தியம்தான் பத்தியம் என்று தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கேளுங்கள்.

உதிரப்போக்கு, தையல், பால் கட்டு போன்ற பேச்சுக்குக் கணவனையோ மூத்த குழந்தையையோ மொழிபெயர்க்கச் சொல்லக் கூடாது. பாதியை முழுங்கிவிடுவார்கள். அவள் மொழி தெரிந்த ஒரு பெண்ணைப் போனிலாவது பிடியுங்கள். ஆதார் வேறு மாநில முகவரியில் இருந்தாலும் அங்கன்வாடியில் பேர் பதிந்து, பாலூட்டும் தாய்க்கான சத்துமாவும் குழந்தைக்கான தடுப்பூசியும் பெறலாம். தனியாகப் போனால் தயங்கி வாசலோடு திரும்பிவிடுவார்கள், முதல் தடவை கூடப் போங்கள்.

தீட்டு, பத்தியம், மருந்து என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதை எந்த அளவுக்கு ஏற்பது?

பெரியவர்களைப் பழிக்க எனக்கு மனம் வராது. நாற்பது நாள் வேலை செய்யாதே, சூடாகச் சாப்பிடு, வெந்நீரில் குளி, குழந்தையோடேயே படு என்று சொன்னது அவர்கள்தான். இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பால்சுறா புட்டு, முருங்கைக்கீரை, பூண்டு எல்லாம் நன்றாகச் சாப்பிடட்டும்.

விட வேண்டியவையும் உண்டு. தண்ணீர் குடித்தால் வயிறு போட்டுவிடும் என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைப்பது கூடவே கூடாது. தாகத்துக்குக் குடித்தால்தான் பாலூட்டுகிற உடம்பு தாங்கும், மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் குறையும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, குழந்தைக்குச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது, கதவைச் சாத்திச் சாம்பிராணி போடுவது, இவற்றை எந்த வீட்டில் கண்டாலும் பக்குவமாகச் சொல்லி நிறுத்துவோம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம்.

தீட்டைப் பற்றி ஒன்று. தனி அறை ஓய்வாக இருந்தால் நல்லது. தனித் தட்டு, தனிப் பாய், கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகை என்றால் அது ஓய்வு இல்லை. பழைய நாளில் தொப்புள்கொடி அறுக்க வந்த மருத்துவச்சி பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண். உயிரோடு குழந்தையை வெளியே எடுத்துக் கையில் கொடுப்பாள். வேலை முடிந்ததும் கொல்லை வழியாகத்தான் போக வேண்டும், அரிசியும் பழைய சேலையும்தான் கூலி. இந்தக் கவனிப்பு முறையை நாம் பெருமையாகப் பேசும்போது, அதைச் சுமந்த கைகளை எங்கே நிற்க வைத்தோம் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கும் குளிப்பாட்ட வருகிற ஆயாவுக்குத் தனி டம்ளர் வைக்கிற வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதும் பெண் குழந்தை. வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்த வீடுகளுக்குக் கூடுதலாகப் போவோம். ஏனென்றால் சாப்பாட்டிலேயே தெரியும். முதல் பிரசவத்துக்கு நாட்டுக்கோழி அடித்த வீட்டில் மூன்றாவதுக்கு ரசம்தான் வரும். குழந்தை ஆணா பெண்ணா என்பது அப்பாவின் விந்தணுவால் அமைகிறது என்று மாமியார் காதில் விழும்படி ஒரு தடவை சொல்லிவிடுவோம். சண்டை போடுகிற குரலில் சொல்ல மாட்டோம், பேச்சுவாக்கில் சொல்வோம்.

வருத்தம் என்னவென்றால், சட்டமும் திட்டமும் இவளை இரண்டாம் வரிசையில்தான் வைக்கின்றன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான். சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பு, மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் 26 வாரம் ஆனது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம்தான். மூன்றாவது பிரசவத்துக்கு உடம்பு சீக்கிரம் தேறிவிடுமா? அதிகம் தளர்ந்திருக்கும் உடம்பு அது. 2025 மே மாதம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பு சொன்னது. முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருக்கின்றன என்று காரணம் காட்டி, மறுமணத்தில் பிறந்த குழந்தைக்கு அவருக்கு விடுப்பு மறுத்திருந்தார்கள். அந்தத் தீர்ப்பை அலுவலகத்தில் எடுத்துக் காட்டத் தயங்காதீர்கள்.

கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவர், கணவன் விட்டுப்போனவர்: இவர்களிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது?

"அப்பா யார்?" என்று கேட்கக் கூடாது. "என்ன வேண்டும்?" என்று கேட்கலாம். அவ்வளவுதான்.

பிறப்பைப் பதிய அப்பா பேர் இருந்தே ஆக வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். திருமணமாகாத தாய் கேட்டால் உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமும் இல்லை.

வளர்க்க முடியாத நிலை என்றால் அதைச் சொல்லவும் அவளுக்கு ஓர் இடம் வேண்டும். தமிழ்நாட்டில் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கியது. இப்போது சட்டப்படி குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். இடைத்தரகர் யாரிடமும் குழந்தையைக் கொடுக்கக் கூடாது. தெரிந்த டாக்டர் மூலம் நல்ல இடம் இருக்கிறது என்பார்கள், அதுவும் கூடாது. அப்படிக் கொடுத்த ஒரு பெண் மூன்று மாதம் கழித்து எங்களிடம் வந்து அழுதாள். தேடுவதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட அவளிடம் இல்லை.

குழந்தை இறந்து பிறந்த வீட்டுக்குப் போகலாமா? என்ன பேசுவது?

போக வேண்டும். பலரும் போவதில்லை என்பதால்தான் கட்டாயம் போக வேண்டும். குழந்தை இல்லாததால் அவள் பிள்ளை பெற்றவள் கணக்கில் இருந்தே விழுந்துவிடுகிறாள். பத்தியம் இல்லை, ஓய்வு இல்லை, எண்ணெய்க் குளியல் இல்லை. உடம்போ பிள்ளை பெற்ற உடம்பு. அதே உதிரம், அதே தையல், அதே வலி.

மூன்றாம் நாள் பால் சுரக்கும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒருத்தியை அழுகிற குழந்தைகளுக்கு நடுவே, அதே வார்டில் படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில் குழந்தை அழும்போதெல்லாம் அவள் நைட்டியின் முன்பக்கம் நனைந்தது. துண்டை மடித்து வைத்து அழுத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நர்ஸிடம் சொல்லி வேறு அறைக்கு மாற்றுவது ஐந்து நிமிட வேலை. கேட்கத்தான் ஆளில்லை. கூட இருப்பவர்கள் அதை முதலில் கேளுங்கள்.

பாலை நிறுத்த நன்றாகப் பொருந்துகிற உள்ளாடை, குளிர்ந்த ஈரத்துணி, வலிக்கு டாக்டர் சொல்லும் மாத்திரை. விண்ணென்று தெறித்தால் வலி குறையுமளவுக்கு மட்டும் கொஞ்சம் பீய்ச்சலாம், முழுதாகப் பீய்ச்சினால் மேலும் சுரக்கும். சிவந்து காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

விடுப்பு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். மகப்பேறு நலச் சட்டத்தில் "குழந்தை" என்ற சொல்லில் இறந்து பிறந்த குழந்தையும் அடங்கும். அதனால் விடுப்பு முழுமையாகவே உண்டு, "குழந்தைதான் இல்லையே, வேலைக்கு வா" என்று சொல்ல முதலாளிக்கு உரிமை கிடையாது. கருச்சிதைவுக்கு ஆறு வாரம். மத்திய அரசு ஊழியருக்குப் பிறந்தவுடன் குழந்தை இறந்தால் 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022-இல் ஆணை வந்தது.

பேசுவதற்கு அதிகம் தேவையில்லை. "வயசு இருக்கு, அடுத்தது பிறக்கும்" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். குழந்தைக்குப் பேர் வைத்திருந்தார்களா என்று கேட்டிருக்கிறேன். இதுவரை யாரும் கோபப்பட்டதில்லை. பேரைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார்கள்.

தாய் மாற்றுத்திறனாளி என்றால் குழந்தையை வேறு யாராவது வளர்ப்பதுதானே நல்லது?

இந்தக் கேள்வியை அவள் முன்னாலேயே கேட்கிறார்கள். காது கேளாத தாய் ஒருத்தி ராத்திரி எப்படித் தூங்குவாள் தெரியுமா? பாயில் குழந்தையைப் பக்கத்தில் மல்லாக்கப் போட்டு, உள்ளங்கையை அதன் வயிற்றின் மேல் லேசாக வைத்திருப்பாள். அழ ஆரம்பிக்கும் முன் வயிறு இழுக்கும், அதற்கே எழுந்துவிடுவாள். கேட்கிற காதுள்ள கணவன் அதற்கும் பிறகுதான் எழுவான். குழந்தை அழுதால் அதிர்ந்து காட்டுகிற வசதி இப்போது செல்போனிலேயே இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுத்தோம். அவளுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

பார்வையற்ற தாய்க்கு மருந்துப் புட்டிகளில் ரப்பர் பேண்டு: காய்ச்சல் மருந்துக்கு ஒன்று, விட்டமின் சொட்டுக்கு இரண்டு. சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தூளியைக் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டினால் போதும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, தனியார் என எல்லா மருத்துவமனைகளும் தடையில்லாமல் இருக்க வேண்டும். நடைமுறையில் பிரசவக் கட்டில் இடுப்புயரத்தில் இருக்கிறது, ஏறுவதற்கு நாம்தான் தூக்கிவிட வேண்டியிருக்கிறது.

தத்தெடுத்தவருக்கு எதற்குப் பேறுகால உதவி?

தூக்கமில்லாத ராத்திரி அவருக்கும் உண்டு. பயம் இரண்டு மடங்கு. வளைகாப்பும் இல்லை, யாரும் பார்க்க வருவதும் குறைவு. 2017 திருத்தம் 12 வார விடுப்பு தந்தது, ஆனால் குழந்தை மூன்று மாதத்துக்கும் குறைந்ததாக இருக்க வேண்டும் என்று அப்போது எழுதினார்கள். ஒப்படைத்த தாய் மனம் மாறக் காத்திருக்கவே இரண்டு மாதம் போய்விடும். மிச்சம் ஒரு மாதத்தில் காகித வேலை முடிந்து குழந்தை கைக்கு வருவது எவ்வளவு அபூர்வம் என்று எண்ணிப் பாருங்கள். தத்தெடுத்த வீட்டுக்கும் நாங்கள் பத்து நாள் சாப்பாடு கொடுக்கிறோம்.

திருநர் பெற்றோர் வந்தால்?

வருவார்கள், வந்திருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு திருநம்பி (பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழ்பவர்) குழந்தை பெற்றார். தாய், தந்தை என்று பிரிக்காமல் பெற்றோர் என்று மட்டும் குறிப்பிட்டுப் பிறப்புச் சான்றிதழ் தரும்படி 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. பாரத்தில் "தாயின் பெயர்" என்ற கட்டத்தை நிரப்பும் முன் எப்படிக் கூப்பிடலாம் என்று அவரையே கேளுங்கள். தையலுக்கும் பால் கட்டுக்கும் வைத்தியம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வேலைக்குப் போகிற தாய்க்கு என்னென்ன கிடைக்கும்?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை. 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகம். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம்.

சரி, வீட்டு வேலை செய்கிறவருக்கு? வீட்டிலேயே நூல் வெட்டிப் பிசிறெடுக்கிறவருக்கு? இந்த விடுப்பு எதுவும் இல்லை. அவர்களுக்கு முத்துலட்சுமி ரெட்டி நிதிதான் சம்பளம். 2018-இல் அது 18,000 ரூபாயாக உயர்ந்தது: 14,000 பணமாக, 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக. அதற்குக் கர்ப்பம் தெரிந்த முதல் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து எண் வாங்க வேண்டும், 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். 17 வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டு 18-இல் பெற்றவளுக்குக் கிடைக்காது. உதவி அதிகம் தேவைப்படுகிறவளே வெளியே நிற்கிறாள். இதை மாற்ற வேண்டும் என்று நான் எங்கே போனாலும் சொல்வேன்.

அழுதுகொண்டே இருக்கிறாள். பேய் பிடித்திருக்கிறது என்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், தானே போகும். அதற்கு மேலும் நீடித்தால், தூங்க நேரமிருந்தும் தூங்க முடியாவிட்டால், குழந்தையைத் தொடப் பிடிக்காவிட்டால் அது மனச்சோர்வு. நோய்தான், மருந்தும் இருக்கிறது. எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு, தமிழிலும் இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். 14416 டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலும் இந்தியிலும் வேறு பல மொழிகளிலும் பேசலாம், கட்டணம் இல்லை. சாக வேண்டும் என்றோ குழந்தைக்கு ஏதாவது ஆகட்டும் என்றோ பேசினாலும், இல்லாத குரல் கேட்கிறது என்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது.

எப்போது உடனே 108 கூப்பிட வேண்டும்?

ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுதாக நனைந்தால். வலிப்பு, கண் மங்கல், தாங்க முடியாத தலைவலி, மூச்சுத்திணறல் வந்தால். காய்ச்சலோடு நாற்றமடிக்கும் உதிரப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றுக்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானாலோ தாமதிக்கக் கூடாது. இதை அவள் மொழியில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

அப்பா என்ன செய்ய வேண்டும்?

ராத்திரி ஒரு முறை எழுந்து துணி மாற்றி ஏப்பம் வர வைத்தால் அவளுக்கு இரண்டு மணி நேரத் தூக்கம். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு, தனியாரில் சட்டம் எதுவும் இல்லை. எங்களிடம் வருகிற அப்பாக்களில் பலர் செய்யத் தயாராக இருக்கிறார்கள், எப்படி என்று யாரும் காட்டியதில்லை. குழந்தையைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள், கற்றுக்கொள்வார்கள்.

நான் வெறும் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் என்ன செய்ய முடியும்?

முதலில் சொன்னேனே, ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பெண், அவளுக்கு எதிர் வீட்டில் அறுபது வயது அம்மா ஒருவர் இருந்தார். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. தினமும் சாயங்காலம் நான்கு மணிக்குப் போய்க் கையை நீட்டுவார். அவள் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் படுத்துவிடுவாள். அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டு தமிழில் தாலாட்டுப் பாடுவார். ஆறு மணிக்குக் கணவன் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். இரண்டு மாதம் ஒரு நாள்கூடத் தவறவில்லை. பிறகு நாங்கள் போக வேண்டிய தேவையே அந்த வீட்டில் இல்லாமல் போயிற்று.